வெள்ளத்துல ஊறின ஆல்பங்கள கழுவி எடுத்தது – இதுவரைக்கும் நடந்தது

2023 டிசம்பர் 17, 18 மழையப் பத்தி எங்க பக்கத்து ஆளுங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 பேரு வரைக்கும் வச்சுக்கிட்டு நகர முடியாம நின்னது, எல்லாம் டிவில வந்துச்சு. எங்க ஊரு அந்த ஸ்டேஷனுக்கும் ஏரலுக்கும் நடுவுல, தாமிரபரணிக் கரையை ஒட்டி இருக்கு. அத்தை வீடு ஊருக்குள்ளயே கொஞ்சம் தாழ்வான தெரு, 92 வெள்ளத்துல வாசப்படி வரைக்கும்தான் வந்துச்சுன்னு சொல்லுவாங்க, இந்தத் தடவை ஜன்னல் மட்டத்தத் தாண்டிடுச்சு. ஆளுக எல்லாரும் மாடில ஏறித் தப்பிச்சாச்சு, அது போதும். ஆனா கீழ இருந்த பீரோவோட அடித்தட்டுல எங்க குடும்பத்து ஆல்பம் அத்தனையும் இருந்துச்சு. ஆச்சி காலத்துல இருந்து அத்தைதான் எல்லாத்தையும் சேத்து வச்சிருந்தாங்க.

ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட் இதுக்கெல்லாம் முகாம் போட்டு மறுபடி எடுத்துக் குடுத்தாங்க. போட்டோவுக்கு அப்படி எங்கயும் நகல் கிடையாது. எனக்கு ஃபிலிம் கேமரா பழக்கம் கொஞ்ச வருஷமா உண்டு, கறுப்பு வெள்ளை ஃபிலிம் வீட்லயே கழுவுவேன், பிரிண்ட் போடுவேன், அதனால நனைஞ்ச போட்டோன்னதும் தூக்கிப் போடணும்னு எனக்குத் தோணவே இல்ல. அங்க இருந்து ஆரம்பிச்ச வேலை இது, இன்னும் முடியல, நடந்த வரைக்கும் எழுதி வைக்கிறேன், யாராவது ஒருத்தருக்கு உதவினாக்கூட சரிதான்.

ஏரல் பாலத்துப் பக்கம் ரோடு அடிச்சிட்டுப் போயிருந்ததால சுத்திச் சுத்தித்தான் ஊருக்குப் போக முடிஞ்சுது. வழியெல்லாம் வாழை படுத்துக் கெடக்கு, ஒரு தோட்டம் ரெண்டு தோட்டம் இல்ல, கண்ணு எட்டுற வரைக்கும். தெருவுல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கிரைண்டர், மெத்தை, தையல் மெஷின், புஸ்தகம்னு வெளிய கிடக்கு, பொம்பளைங்க எல்லாம் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு சகதிய வாருறாங்க. அந்த சகதி சாதாரண மண்ணு இல்ல, ரொம்ப நைஸா இருக்கும், விரல்ல தேச்சா பவுடர், ஆனா காஞ்சா சிமெண்டா பிடிச்சிக்கும். பீரோ கதவு உப்பித் திறக்கவே மாட்டேன்னுச்சு, கடப்பாரை வச்சு நெம்பித்தான் திறந்தோம். ஆல்பம் ஒவ்வொண்ணும் தூக்க முடியாத கனம்.

இதுல முதல்ல தெரிஞ்சிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: ஒட்டிக்கிட்ட போட்டோவ ஒட்டினபடியே காய விடக்கூடாது. போட்டோவுல படம் இருக்கிறது பேப்பர்ல இல்ல, மேல பூசியிருக்கிற ஜெலட்டின்ல. தண்ணில ஊறினா அது ஆறின பால் ஆடை மாதிரி ஆயிடும், தொட்டா நகரும். அந்த நிலைமையில ரெண்டு போட்டோ முகத்தோட முகம் ஒட்டிக் காஞ்சா அப்புறம் பிரிக்கிறது ரொம்ப கஷ்டம், பிரிச்சா ஒருத்தர் முகம் இன்னொருத்தர் சட்டைல போயி உக்காரும். அதுமட்டுமில்ல, ஜெலட்டின் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி, ஈரத்துலயே ரெண்டு மூணு நாள் கிடந்தா பூஞ்சை வேற வந்துரும். நான் போயிச் சேர்ந்தப்ப சில ஆல்பத்துல வாடை வந்துடுச்சு.

அங்க கரண்டும் இல்ல நல்ல தண்ணியும் இல்ல, உக்காந்து கழுவுறதுக்கு வழியே கிடையாது. இந்த மாதிரி நேரத்துக்கு இருக்கிற வழி ஃப்ரீசர். உறைய வச்சிட்டா கெட்டுப் போறது அப்படியே நின்னுடும், மாசக்கணக்கில கழிச்சு எடுத்துக்கூட நிதானமா செய்யலாம். ஆல்பத்த அப்படியே தூக்காம, கையோட வர்ற பக்கத்த மட்டும் பிரிச்சு, நடுவுல பட்டர் பேப்பர் வச்சு, சின்னச் சின்னக் கட்டா ஜிப் கவர்ல போட்டு பாளையங்கோட்டை மைனி வீட்டுக்குக் கொண்டு போனேன். மைனி ஒரு வார்த்தை கேக்கல, ஃப்ரீசர் முழுசும் காலி பண்ணிக் குடுத்துட்டாங்க. அந்த வருஷம் பொங்கலுக்கு அந்த வீட்ல ஐஸ் தட்டு வைக்க இடமில்ல. இந்த வேலைல பாதிப் புண்ணியம் அவங்களுக்குத்தான் போகணும்.

கழுவுற முறைய சொல்றேன். ஒரு கட்டை மட்டும் எடுத்து கவரோடயே வெளிய வச்சு உருக விடணும், அவசரப்பட்டு வெந்நி ஊத்தக்கூடாது. பரந்த பிளாஸ்டிக் ட்ரே மூணு, மூணுலயும் கேன் தண்ணி, எங்க வீட்டு போர் தண்ணி உப்பு, காஞ்சதும் வெள்ளையா படியும், அதனால கேன் தண்ணிதான். மொத ட்ரேல போட்டு ஊறவிட்டா கொஞ்ச நேரத்துல கட்டு தானா இளக ஆரம்பிக்கும், ஓரத்துல இருந்து மெதுவா வர்றதுதான் வரணும், நம்ம இழுக்கக்கூடாது. அரைமணி நேரத்துக்கு மேல நான் ஊறவிடறதில்ல, ஜெலட்டின் பேப்பர விட்டே கழண்டு மிதக்க ஆரம்பிச்சிடும். ரெண்டாவது ட்ரேல தண்ணிக்குள்ளயே வச்சு லேசா ஆட்டுறது, சகதி புகையா கிளம்பி வெளிய வரும், அத பார்க்கிறப்ப வர்ற நிம்மதிய எழுத்துல சொல்லத் தெரியல. முகத்து மேல விரல், பிரஷ், பஞ்சு எதுவும் படக்கூடாது, பின்பக்கத்த மட்டும் மெல்லிய பெயிண்ட் பிரஷால தள்ளி விடலாம். மூணாவது ட்ரேல ஒரு அலசு, அப்புறம் பழைய பருத்தி வேட்டி விரிச்சு அதுல முகம் மேல பாக்க வச்சு நிழல்ல காய வைக்கணும். வெயில் கூடாது, ஃபேன நேரா அடிக்க விடவும் கூடாது. காஞ்சதும் சுருளும், ரெண்டு வெள்ளைப் பேப்பருக்கு நடுவுல வச்சு மேல கனமா புஸ்தகம் அடுக்கினா ஒரு வாரத்துல நிமிரும்.

கழுவுறதுக்கு முன்னாடியே பின்பக்கத்த ஒரு படம் எடுத்துக்கங்க. பால்பாயிண்ட்ல எழுதினது அப்படியே நிக்குது, மைப்பேனால எழுதினது தண்ணில போயிடும். எங்க தாத்தா எல்லாப் படத்துக்குப் பின்னாடியும் மைப்பேனாலதான் எழுதியிருக்காங்க. நல்லவேளையா அத மொதல்லயே மொபைல்ல எடுத்தாச்சு, "ஆழ்வார்திருநகரி தேர்"னு ஒரு படத்துப் பின்னாடி இருந்தது இப்ப மொபைல்ல மட்டும்தான் இருக்கு.

எது பிழைக்கும் எது பிழைக்காதுங்கறது எனக்கே பெரிய பாடமா இருந்துச்சு. பழைய கறுப்பு வெள்ளைதான் அதிகம் பிழைச்சது, தடிச்ச பேப்பரு, படமே வெள்ளித் துகளால ஆனது, கரைஞ்சு ஓடறதுக்கு அதுல சாயம் கிடையாது. 80, 90கள்ல எடுத்த கலர் பிரிண்ட்தான் பாவம். கலர் பேப்பர்ல மூணு சாய அடுக்கு இருக்கும், மேல நீலப்பச்சை, நடுவுல மெஜந்தா, அடியில மஞ்சள். தண்ணியும் பாக்டீரியாவும் மேல இருந்து தின்னுக்கிட்டே வருது, மொதல்ல நீலப்பச்சை போயி படம் சிவந்து போகும், அப்புறம் சிவப்பும் போயி மஞ்சள், கடைசியில வெறும் வெள்ளை. சித்தி கல்யாணப் படம் ஒண்ணு இருக்கு, நடுவுல சித்தியும் சித்தப்பாவும் மாலையோட நல்லா இருக்காங்க, சுத்தி இருக்கிற பந்தல் மட்டும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு ஓரம் வரைக்கும் எரியுது. அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்ல போட்டதெல்லாம் ஒண்ணுகூட மிஞ்சல. 2000க்கு அப்புறம் வந்த அந்த தடி அட்டை கல்யாண ஆல்பங்க நடுவுல தண்ணி புகுந்து அட்டை ஊதிக் கெடக்கு, அதுக்கு இன்னும் வழி பாக்கல.

பசை பக்கத்துல பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஒட்டுற ஆல்பம் எல்லார் வீட்லயும் இருக்கும்ல, அதுல இருந்து எடுக்க பல்லு இடுக்கு சுத்தம் பண்ற நூலு நல்லா உதவுது. போட்டோவுக்கும் அட்டைக்கும் நடுவுல நூலக் குடுத்து ரெண்டு கையாலயும் அறுக்கிற வாக்குல மெதுவா இழுத்துக்கிட்டே போனா வளையாம வந்துரும்.

ஃப்ரேம் போட்ட படம் வேற கதை. கண்ணாடிலயே ஒட்டிக் காஞ்சு போச்சுன்னா அத பிரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியோட போயிடும். கண்ணாடியோடயே படம் எடுத்துக்கறதுதான் பத்திரமான வழி. தாத்தா படம் அப்படித்தான் ஒட்டியிருந்துச்சு. ஃப்ரேம் கட்டைய மட்டும் கழட்டிட்டு, படத்த தரைல வச்சு, கேமராவ நேர் மேல ஸ்டாண்டுல கட்டி, சுத்தி கறுப்புத் துணி பிடிச்சு, வெளிச்சம் ரெண்டு பக்கமும் சாய்வா வர்ற மாதிரி வச்சேன், கண்ணாடி மேல எதிரொளி ஒண்ணும் விழல. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் நெத்தில வருஷக்கணக்கா வச்ச சந்தனமும் குங்குமமும் தடிச்சு நிக்குது. வெள்ளம் வந்தும் போகல. நான் ஈரத்துணிய எடுத்ததும் அத்தை, "எய்யா, மத்ததெல்லாம் தொடச்சுக்கோ, பொட்ட மட்டும் தொடாத. அது எங்கம்மை வச்சதுய்யா"ன்னாங்க. அதோடதான் எடுத்தேன். அந்தப் படத்த நல்லா பெருசாக்கிப் பாத்தா அந்தக் குங்குமத்துல விரல் ரேகை தெரியுது. ஆச்சியோட ரேகையா அத்தையோடதான்னு யாருக்கும் தெரியாது, அத அழிக்கிற பேச்சுக்கே இடமில்ல.

ஸ்கேன் பண்ணினதுக்கு அப்புறம் என்ன செய்யலாம்ங்கறதுல எனக்கு இப்ப ஒரு முடிவு வந்துருச்சு. அழிஞ்ச இடத்த தானே நிரப்பித் தர்ற ஆப் நிறைய இருக்கு. பாதி முகம் போன ஆச்சி படம் ஒண்ண அதுல போட்டுப் பாத்தேன், நொடியில பளிச்சுனு முழு முகம் வந்துருச்சு, அழகாவும் இருக்கு, அத்தைகிட்ட காட்டினா "இது ஆருய்யா?"ன்னு கேக்காங்க. ஆச்சிக்கு பாம்படம் போட்டு வளத்த காது, அந்த ஆப்புக்கு அது தெரியல, சின்னக் கம்மல் ஒண்ண மாட்டி விட்டுருக்கு. அன்னைலருந்து நிறம் மங்கினத சரி பண்றது, தூசி, கீறல் எடுக்கிறது, இதோட நிறுத்திக்கிறேன். போன இடம் போன இடமாவே இருக்கட்டும், பொய் முகத்த பிள்ளைகளுக்குக் காட்டி இதுதான் உங்க பூட்டின்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வரல.

அதுக்குப் பதிலா வேற ஒரு வழி இருக்குன்னு பிறகு புரிஞ்சுது. ஒரு கல்யாணம்னா அந்தப் படம் ஒரு வீட்லயா இருக்கும்? பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, தாய்மாமன் வீடுன்னு எல்லாரும் ஆளுக்கு நாலு பிரிண்ட் வாங்கியிருப்பாங்க. நம்ம பக்கத்து ஆளுங்க பாதிப்பேரு பிழைப்புக்கு பம்பாய் போனவங்க, அங்க வெள்ளம் வரலையே. சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல அழிஞ்ச படத்தையெல்லாம் போட்டு, இது யார்கிட்டயாவது இருக்கான்னு கேட்டேன். பம்பாய் பெரியப்பா வீட்ல இருந்து சித்தி கல்யாணப் படம் வந்துச்சு, அதே பந்தல், அதே நிமிஷம், பந்தல்ல கட்டியிருந்த துணி பச்சைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஆச்சியோட பாதி முகத்துக்கு மட்டும் இன்னும் ஜோடி கிடைக்கல.

அதுக்காகவே ஊருக்கு அடிக்கடி போறேன் இப்ப. முன்னாடியெல்லாம் கோயில் கொடை, கல்யாணம், சாவுன்னாதான் போவேன். இப்ப கழுவின பிரிண்ட் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போயி உக்காருறேன், இது யாரு, இது எந்த வருஷம்னு கேக்குறேன். வாழை திரும்பப் போட்டாச்சு, தெருவுல டீக்கடை வந்தாச்சு, ஆனா எந்த வீட்டுக்குள்ள போனாலும் சுவத்துல ஒரே மட்டத்துல அந்தக் கோடு இருக்கு, ரெண்டு கோட்டிங் பெயிண்ட் அடிச்ச வீட்லகூட ஈரக்காலம் வந்தா மேல தெரியுது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் ஆல்பம் மொத்தத்தையும் சகதியோட அள்ளிப் போட்டுட்டாங்களாம், எங்க ஃபைல புரட்டிக்கிட்டே வந்தவங்க ஒரு சடங்கு வீட்டுப் படத்துல நின்னுட்டாங்க. பின்வரிசைல குடத்தோட நிக்கிறது அவங்க மக, கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது, அவங்ககிட்ட இப்ப அந்த வயசுப் படம் ஒண்ணுமே இல்ல. அந்த ஒரு ஆள மட்டும் பெருசாக்கி பிரிண்ட் போட்டு அடுத்த தடவை கொண்டு போயி குடுத்தேன். அதுக்கப்புறம் பக்கத்துத் தெருவுல இருந்தெல்லாம் ஆள் வந்து எங்க ஃபைல்ல அவங்க வீட்டாள தேடுறாங்க. எங்க குடும்பத்து ஆல்பம்னு நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன், பாத்தா பாதி ஊரு அதுல இருக்கு.

இனி பாக்கி இருக்கிற வேலை: மைனி ஃப்ரீசர்ல இன்னும் ஒரு தட்டு நிறைய கட்டு இருக்கு, மைனி பாவம் புது ஃப்ரிட்ஜ் வாங்குறப்பக்கூட அத ஐஸ் பெட்டில வச்சு அப்படியே மாத்தி வச்சாங்க. அப்புறம் நெகட்டிவ். பிஸ்கட் டின் ஒண்ணுல போட்டு பரண்ல வச்சிருந்ததால ஒரு சொட்டுத் தண்ணி படல, இத்தனை நாள் யாருக்கும் அது ஞாபகமே இல்ல, போன தடவைதான் கிடைச்சுது. டேப்லெட்ல வெள்ளை ஸ்கிரீன் வச்சு அது மேல கொஞ்சம் உயரமா நெகட்டிவப் பிடிச்சு மேக்ரோல, அதாவது ரொம்ப கிட்டத்துல எடுக்கிற முறைல எடுத்து நிறத்த திருப்பிப் போட்டுப் பாத்தேன், நல்லா வருது, கலர் நெகட்டிவ்ல இருக்கிற ஆரஞ்சு சாயலக் கழிக்கிறதுதான் ஒவ்வொரு ரோலுக்கும் வேற வேறயா இருக்கு. அதுல ஆச்சி இருக்காங்களான்னு இன்னும் முழுசாப் பாக்கல.

ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் சாமி கோயிலுக்கு எங்க ஆளுங்க எல்லாரும் வருவாங்க, பம்பாய்ல இருந்தும். அதுக்குள்ள ஃப்ரீசர் கட்ட முடிச்சு எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு அத்தை வீட்டு மாடில கயித்துல கிளிப் மாட்டித் தொங்கவிடலாம்னு இருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் கீழ பேர் எழுத ஒரு வெள்ளைத் தாளும் பால்பாயிண்ட் பேனாவும்.