காற்றடித்து வைத்த பந்து

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு றக்பி பழக்கிய சேர் காலமான செய்தி போன மாதம் வட்ஸ்அப்பில் வந்தது. வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. பள்ளிக்கூட மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தா என்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது அவரைத் தவிர வேறொன்றும் எழுத வரவில்லை.

2012இல் நான் உயர்தரம். காலை 5.45க்குப் பயிற்சி. பின்னேரம் வைத்தால் ரியூசன் குழம்பும் என்று சேரே யோசித்து வைத்த நேரம். மார்ச்சில் கிரிக்கெட் பெரிய மட்ச் முடியும்வரை எங்களுக்கு மதிலோரம்தான். அந்த நிலம் உங்களுக்குத் தெரியும். ஆவணியில் விழுந்தால் முழங்கால் உரியும், மாரியில் விழுந்தால் மூக்குக்குள் சேறு.

சாதாரண தரத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பித்தவரும் அவர்தான். அந்தப் பாடத்தை மைதானத்துக்கும் கொண்டுவந்தார். ரக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவனைப் பிடித்து விழுத்துவது, பிழைத்தால் விசிலடித்து நிறுத்துவார். விழுந்தவனின் தொடையில் விரலை வைத்து, "இது நாற்றலைத் தசை. பின்னுக்கு இருக்கிறது என்ன? சொல்லிப்போட்டு எழும்பு" என்பார். பிறகு தானே குனிந்து காட்டுவார்: தலை எதிராளிக்குப் பின்பக்கம், கன்னம் அவன் இடுப்போடு, இரண்டு கையும் தொடையைச் சுற்றி. பிடித்த பிறகும் கால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருநாள் ரியூசனில் என் முழங்கைக் காயத்தைக் கண்ட ஆசிரியர் எல்லோர் முன்னாலும் எழுப்பிவிட்டார். "பந்து பிடிச்சு ஆர் சோறு திண்டவன்?" என்று கேட்டார். பின்வாங்கில் பெண் பிள்ளைகள். அந்தச் சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. இரண்டு கிழமை பயிற்சிப் பக்கம் போகவில்லை. மூன்றாம் கிழமை சேர் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அவன் நல்லாப் படிக்கட்டும் அம்மா. காலமையில ஒரு மணித்தியாலம் மட்டும் எனக்குத் தாங்கோ" என்றார்.

அப்புறம் 2013இல் லண்டன் விசா வந்தது. பிளேன் ஏறும்வரை ஒருவருக்கும் மூச்சுவிடாதே என்றது வீடு. எல்லா வீட்டிலும் சொல்வதுதான். கடைசிப் பயிற்சி முடிய சேர் மட்ச் பந்தை என் கையில் தந்தார். "காத்து இறங்கிக் கிடக்கு. அடிச்சுக்கொண்டு நாளைக்கு வா." சரி சேர் என்றேன். சைக்கிள் கடையில் காற்றடித்தேன். இரவு கொழும்பு பஸ்.

இங்கே ஒரு கல்லூரியில் விளையாட்டுத்துறையில் பீடெக் (BTEC) என்ற தொழில்சார் படிப்பின் லெவல் 3 விரிவு டிப்ளோமா சேர்ந்தேன். இரண்டு வருடம், மூன்று ஏ லெவலுக்குச் சமம். காலையில் ஜிம்மும் றக்பியும், பிறகு வகுப்பு, புதன் பின்னேரம் மட்ச். விளையாட்டே படிப்பு என்று நேரசூசியிலேயே அச்சடித்திருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். உடற்கூற்றியல் முதல் வகுப்பில் தொடைப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். நாற்றலைத் தசை என்றுதான் நாக்கில் வந்தது. பயிற்சியாளர், பிசியோ, விரிவுரையாளர் என்று இங்கே பலர் சேர்ந்து செய்வதை அங்கே ஒரு மனிதர் ஒரு விசிலோடு செய்தார்.

2023இல் இங்கிலாந்தின் தொழில்முறை அல்லாத கழக, பாடசாலை ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிக்குக் கீழேதான் ரக்கிள் பண்ணலாம் என்று சட்டம் வந்தது. அன்றிரவே சேருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "நான் அப்பவே இடுப்பில பிடி எண்டுதானே சொன்னனான்" என்று குழந்தை மாதிரிச் சந்தோசப்பட்டார். படித்த படிப்புக்கு வேலையோ என்று கேட்டார். பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகளுக்கு றக்பி பழக்குகிறேன் என்றேன். சொல்லாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். கேட்காமலே வைத்துவிட்டேன்.

போன மாதம்தான் அம்மா சொன்னார். நான் பிளேன் ஏறிய பிறகு பந்தை அவர்தான் மைதானத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். பந்தோடு அம்மாவைக் கண்டதுமே சேருக்கு விளங்கிவிட்டதாம். வாங்கி, இரண்டு பெருவிரலாலும் அமத்திப் பார்த்துவிட்டு, "நல்லா அடிச்சிருக்கிறான்" என்றாராம்.