மழைக்கு மறுநாள் மட்டும் வந்த சென்சார் கோளாறு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் முதல் தடவை அது வந்தது. காலை ஏழேகால் மணி. காரில் ரிவர்ஸ் கியர் போட்டால், பின்னால் ஏதாவது இருந்தால் எச்சரிக்கும் பார்க்கிங் சென்சாரிலிருந்து வழக்கமாக ஒரே ஒரு குட்டி ‘பீப்’ வரும். அன்றைக்கு மூன்று விநாடிக்கு நீளமாக ஒரு ஓசை, அப்புறம் அமைதி. பின்னால் அப்பா நின்று “வா, வா, இன்னும் வா” என்று கை காட்டிக்கொண்டிருந்தார். அவரை நெருங்க நெருங்கக் கேட்க வேண்டிய சத்தம் கேட்கவே இல்லை.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில் ஒரு குறுகலான தெருவில் இருக்கிறது. காரைப் பின்னால் எடுத்துத்தான் வெளியே வர முடியும். பக்கத்து வீட்டுக் குழந்தை மூன்று சக்கர சைக்கிளோடு எந்த நேரமும் கேட்டருகே வந்து நிற்கும். கண்ணாடியில் அவள் உயரம் தெரியாது. அதனால் இதைச் சின்ன விஷயமாக விட எனக்கு மனம் வரவில்லை.

மதியம் ஆபீஸில் ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே நீள ஓசை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனபோது மணி பதினொன்று, நல்ல வெயில். “கம்ப்ளைன்ட் வரலையே சார்” என்றார்கள். நாலு சென்சாரையும் கன்ட்ரோல் யூனிட்டையும் மாற்றிவிட்டால் நிச்சயம் சரியாகும் என்று ஒரு எஸ்டிமேட்டும் கொடுத்தார்கள். எது கெட்டது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று இரவு காரோடு வந்த புத்தகத்தைப் பொறுமையாகப் படித்தேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. விட்டுவிட்டு வரும் பீப், பின்னால் ஏதோ இருக்கிறது என்பதற்கு. பொருள் நெருங்கினால் அது வேகமாகி ஒரே ஓசையாகும். ரிவர்ஸ் போட்ட உடனே நீளமாக ஒலித்து அடங்கிவிட்டால், அமைப்பு தன்னைத்தானே சோதித்துப் பார்த்து, பழுதைக் கண்டு, வேலையை நிறுத்திவிட்டது என்று பொருள் (என் காரில் இப்படி, மற்ற கார்களில் வேறுபடலாம்). இரண்டாவதுதான் ஆபத்து. சத்தம் இல்லை என்றால் பின்னால் யாரும் இல்லை என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் பயணிகள் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். அதற்குப் பழகிப்போன நமக்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் குறைந்துவிட்டது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து போனில் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், முந்தைய இரவு மழையா, வண்டி எங்கே நின்றது, அதற்கு முன் எந்த ரோட்டில் வந்தது. இரண்டு வாரத்தில் ஒன்பது தடவை பழுது வந்திருந்தது. அதில் ஏழு, மழைக்கு மறுநாள் காலை. ஒன்று, வாட்டர் வாஷ் விட்டு எடுத்த அரை மணி நேரத்தில். வெயிலில் நின்ற பிறகு ஒரு தடவைகூட இல்லை. ஒன்பதாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. மழையே இல்லாத நாள், பள்ளம் நிறைந்த ரோட்டில் வந்து இறங்கியபோது வந்தது. ஈரத்துக்கும் கோளாறு, அதிர்வுக்கும் கோளாறு என்றால் சென்சாரைவிட வயர் இணைப்பின் மேல்தான் சந்தேகம் போகவேண்டும்.

முதலில் சென்சார்களைப் பார்த்தேன். எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மனைவியை பிரேக்கில் கால் வைத்து உட்காரச் சொல்லி ரிவர்ஸ் கியரில் வைத்தோம். இந்த சென்சார்கள் அனுப்பும் ஒலி சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேல், நம் காதுக்கு எட்டாது. ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய 6 மில்லிவிநாடி ஆகும். அந்த நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்பும் கிளம்பும்போது அந்த வட்டத் தகட்டில் விரல் வைத்தால் மெல்லிய ‘டிக் டிக்’ தெரியும். நாலிலும் தெரிந்தது.

அடுத்து, துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு இடமாக அடித்தேன். சென்சார் முகங்களில் அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. நம்பர் பிளேட் பக்கம், அங்கும் இல்லை. இடது பின் சக்கரத்துக்குப் பின்னால், பம்பரின் உள்பக்கமாக அடித்துவிட்டு ரிவர்ஸை எடுத்துப் போட்டால் அந்த நீள ஓசை! மனைவி உள்ளேயிருந்து “வந்துடுச்சு!” என்று கத்தினாள். மூன்று வாரமாகக் கைக்குச் சிக்காதது, நினைத்தபோது வந்ததில் எனக்குக் கண் கலங்காத குறை.

அந்த பாட்டிலையும் குறிப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் முதலில் என் குறிப்பை முழுசாகப் படித்தார். அதற்காகவே அவர் மேல் மரியாதை வந்தது. காரின் பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினார், இடது ஓர சென்சாரின் சர்க்யூட் என்று கோட் (பழுதுக் குறியீடு) காட்டியது. “அப்போ அந்த சென்சார்தான் போச்சாண்ணே?” என்றேன். “அவசரப்படாதீங்க சார், மாத்திப் போட்டுப் பாத்துடலாம்” என்று பம்பரைக் கழற்றி, இடது ஓர சென்சாரை வலது ஓரத்துக்கும் அங்கே இருந்ததை இங்கேயும் மாற்றினார். தண்ணீர் அடித்தோம். கோட் மறுபடியும் இடது ஓரத்திலேயே வந்தது. சென்சார் இடம் மாறியும் பழுது மாறவில்லை.

பிறகு மீட்டரை கன்டின்யூட்டியில் (இணைப்பு அறுபடாமல் இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து வயரை ஆட்டிக்கொண்டே வந்தார். பம்பர் வயரிங் பாடியின் வயரோடு சேரும் கப்ளர் (செருகி இணைக்கும் பிளக்) அருகே ஆட்டியதும் மீட்டரின் சத்தம் விட்டுவிட்டு வந்தது. கப்ளரைப் பிரித்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு, பக்கத்துப் பின்வரை பரவியிருந்தது. இவ்வளவு தண்ணீர் அங்கே எப்படிப் போனது என்று பார்த்தால், சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் கவரில் இரண்டு கிளிப் இல்லை. முந்தைய வருடம் பம்பரில் கீறல் விழுந்து பெயின்ட் அடிக்கக் கொடுத்தபோது கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரெல்லாம் அந்த இடைவெளி வழியாக நேரே கப்ளரில் விழுந்திருக்கிறது.

கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துலக்கினார். அரித்துப்போன அந்த ஒரு டெர்மினலை (வயர் முனையில் உள்ள உலோகப் பின்) வெட்டிப் புதிது கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி), மேலே சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, உள்ளே ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினார். கப்ளரின் வாய் கீழே பார்க்கும்படி டேக் போட்டுக் கட்டினார். இரண்டு கிளிப்பும் புதிதாகப் போட்டார். கூலியும் பொருளுமாக 1,400 ரூபாய். பம்பரை மாட்டும் முன் ஒவ்வொரு சென்சாரையும் சுற்றியுள்ள ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அது நழுவினால் பம்பரின் அதிர்வே சென்சாருக்குப் போய், இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டும்.

கிளம்பும் முன் ஹோஸ் பைப்பை அதே இடத்தில் ஐந்து நிமிடம் பிடித்தோம். ரிவர்ஸ் போட்டதும் ஒற்றை பீப். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டிய மறுநாள் காலையிலும் அதே ஒற்றை பீப்தான். அப்பா பின்னால் நின்றார். நான் இறங்கிப் போய் கேட்டருகே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் காரை எடுத்தேன்.