நாடாவுக்கு மூன்று விரல் கீழே

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை சிஸ்டர் வந்து, “அக்கா, வீட்டில எப்படிக் கட்டுவீங்களோ அப்படியே பாவாடையைக் கட்டிட்டு வாங்க” என்றார். எதற்கென்று புரியாமலே கட்டிக்கொண்டு வந்தேன். நிற்கச் சொன்னார். உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், படுக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வயிற்றில் எங்கே மடிப்பு விழுகிறது என்று பார்த்தார். கடைசியில் தொப்புளுக்கு வலப்பக்கம், நாடா பதிந்த தடத்துக்கு மூன்று விரல் கீழே, மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். “குனிஞ்சு பாருங்க, உங்க கண்ணுக்குத் தெரியுதா?” தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் அளவெடுத்துச் சாக்பீஸால் கோடு போட்டவள் நான். என் உடம்பில் ஒருவர் வெட்டுவதற்குக் குறி போட்டது அன்றுதான்.

விருதுநகரில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. மலத்தோடு ரத்தம் போனதை ஒரு வருடத்துக்கு மேல் மூலம் என்றே நினைத்து, துத்திக்கீரையும் கருணைக்கிழங்குமாகச் சாப்பிட்டு நாளை ஓட்டினேன். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவளுக்கு மூலம் வராமல் என்ன வரும் என்று பார்த்தவர்களும் சொன்னார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோதுதான் ஆசனவாயிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேலே மலக்குடலில் கட்டி என்று தெரிந்தது. இருபத்தெட்டு நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், கூடவே கீமோ மாத்திரை. அப்புறம் இரண்டு மாத இடைவெளி. 2024 அக்டோபர் 17, மதுரையில் ஆபரேஷன்.

ஆபரேஷனுக்குப் பிறகு மலம் வந்து சேர வயிற்றில் ஒரு பை ஒட்டுவார்கள். அது எதற்கு என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மேலே மிச்சமிருக்கும் பெருங்குடலைக் கீழே இறக்கி ஒட்டுப் போடுகிறார்கள். கரண்ட் பட்ட சதையில் போட்ட தையல் அது. ஆறுவதற்குள் அங்கே கசிந்தால் வயிற்றுக்குள் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே இழுத்து, திறந்து, தோலோடு தைத்துவிடுகிறார்கள். மலம் கீழே போகாமல் அந்த வழியாகப் பைக்கு வந்துவிடும். இதற்கு இலியோஸ்டமி என்று பெயர். வெளியே தெரியும் குடல் வாய் ஸ்டோமா. ஒட்டுப் போட்ட துணியைச் சூட்டோடு சூடாக இழுக்கக் கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் திரும்ப உள்ளே வைத்துவிடலாம் என்றார். ஏழரை மாதம் ஆனது.

முதல் இரண்டு நாள் நான் அதைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். “மாதுளம்பூ மாதிரி இருக்கு, பயப்படாத” என்றார். மூன்றாம் நாள் பார்த்தேன். செக்கச்செவேலென்று, ஈரமாக, கன்னத்தின் உட்பக்கத்துச் சதை போல இருந்தது. அடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குச்சி செருகியிருந்தார்கள். குடல் உள்ளே வழுக்கிப் போகாமல் இருக்கவாம், ஐந்தாம் நாள் உருவிவிட்டார்கள். தொட்டால் வலியே இல்லை, அதற்கு வலி உணரும் நரம்பு கிடையாது. துடைக்கும்போது லேசாக ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம் என்றார்கள். கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறினால்தான் ஓடி வரவேண்டும். அது தானாகவே மெல்லச் சுருங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் தூங்கினாலும் அது வேலை செய்தது.

இருபத்தாறாம் தேதி வீட்டுக்கு வந்தேன். ஐந்தாம் நாள் தீபாவளி. தையற்கடைக்காரிக்குத் தீபாவளிதான் அறுவடை. அந்த வருடம் மெஷினுக்கு உறை போட்டு வைத்துவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள், “நல்லாத் தண்ணி குடிங்க.” ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலும் தண்ணீர் ஆகாரம் போதிய அளவு எடுக்கவும் என்றுதான் இருந்தது, எந்தத் தண்ணீர், எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. நானும் நாலு லிட்டர் வெறும் தண்ணீர், இரண்டு இளநீர், நீர்மோர், மருந்துக்கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்பு ஜூஸ் என்று குடித்தேன். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது. ஒரு நாளில் பன்னிரண்டு தடவை காலி செய்தேன். வயிறு சுத்தமாகிறது என்று நினைத்துக்கொண்டேன், பாருங்கள்!

கெண்டைக்கால் இழுத்தது. நாக்கு அட்டை போல ஆனது. எழுந்தால் கண் இருட்டியது. சிறுநீர் ஒரு டம்ளர் கூடப் போகவில்லை. மூன்றாம் தேதி இரவு பாத்ரூம் வாசலில் விழுந்தேன். மதுரைக்குக் கொண்டு போனபோது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 3.1, ஆபரேஷனுக்கு முன் அது 0.8. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, 124 என்று இறங்கியிருந்தது. ஆறு நாள் சலைன் ஏற்றினார்கள். கேன்சரை விட இதுதான் என்னை வேகமாக முடித்திருக்கும்.

அங்கேதான் ஒரு சின்ன டாக்டர் பெண் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். தண்ணீரையும் உப்பையும் கடைசியாக உறிஞ்சி எடுப்பது பெருங்குடல். இப்போது எதுவும் அதுவரை போவதில்லை. அதனால் பைக்கு வருவதில் உப்பு நிறைய இருக்கும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால், சிறுகுடல் தன்னிடம் உள்ள உப்பை அதில் விட்டு, இரண்டையும் சேர்த்துப் பைக்கு அனுப்பிவிடும். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்தால்தான் தண்ணீர் ரத்தத்துக்குள் போகும். “தாகம் எடுத்தா வெறும் தண்ணியைத் தேடாதீங்கம்மா, ஓ.ஆர்.எஸ். குடிங்க.” ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் முழுசாகக் கரைக்க வேண்டும், பாதியைப் போட்டு டம்ளரில் கலக்குவது கூடாது. நான் வாங்கிக் குடித்த பெட்டி ஜூஸில் சர்க்கரைதான் அதிகம், அது இன்னும் தண்ணீரை இழுத்துக் கொட்டும். அந்த மாதிரிப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டதைப் படித்தபோது, ஒரு வருடம் முந்திப் போட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அன்றிலிருந்து எல்லாமே அளவுதான். கோடு போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளை வாங்கி, பையைக் காலி செய்யும்போதெல்லாம் அதில் ஊற்றி அளந்தேன். ரவிக்கை அளவு எழுதும் நோட்டிலேயே பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். காலை 200, பத்து மணி 150 என்று. நாள் மொத்தம் ஒரு லிட்டருக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் போன் செய்யச் சொல்லியிருந்தார்கள். பைக்குப் போவதைக் குறைக்கும் லோபராமைடு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், சாப்பிட்ட பிறகு போட்டால் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வெறும் தண்ணீர் ஒரு லிட்டரோடு சரி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. உப்புப் போட்ட கஞ்சி, குழைந்த சோறும் தயிரும், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஜவ்வரிசி, இவை பையில் கெட்டிப்படுத்தின. எனக்கு ஒத்துக்கொண்டதைச் சொல்கிறேன். சிறுநீரகக் கோளாறோ ரத்தக்கொதிப்போ இருப்பவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். ஒரு தடவை பீட்ரூட் பொரியல் சாப்பிட்டுவிட்டுப் பையைப் பார்த்து, ரத்தம் என்று அலறி வீட்டையே கூட்டினேன்.

தோல் புண்ணானது என் சொந்தத் தப்பு. பையின் பின்னால் தோலில் ஒட்டும் வட்டத் தகடு இருக்கும், அதில் ஸ்டோமா அளவுக்குக் கத்தரிக்கோலால் துளை வெட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் 38 மில்லிமீட்டருக்கு அட்டை வெட்டிக் கொடுத்தார்கள். நான் அதே அட்டையை வைத்து வெட்டிக்கொண்டே இருந்தேன். ஆபரேஷன் வீக்கம் வற்ற வற்ற ஸ்டோமா சிறுத்துக்கொண்டே போகும் என்பது தெரியாது. ஆறாவது வாரம் அளந்தால் 28 தான் இருக்கிறது. நடுவில் மிச்சமிருந்த தோல் முழுக்கச் சிறுகுடல் நீர் பட்டுப் பச்சைமிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. சாதாரண மலம் போல அல்ல அது, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீர் இன்னும் அதில் இருப்பதால் தோலையும் தின்னும். மெலிந்த வாடிக்கையாளருக்குப் பழைய அளவில் ரவிக்கை தைப்பேனா? என் வயிற்றுக்கு மட்டும் தைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வாராவாரம் அளந்து புது அட்டை வெட்டினேன், சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு. ஸ்டோமா பவுடர் தூவி, உபரியைத் தட்டிவிட்டு ஒட்டினால் பத்து நாளில் தோல் ஆறியது.

நான்கு நாளைக்கு ஒருமுறை பை மாற்றினேன், காலையில் காபி குடிப்பதற்கு முன்னால். வெறும் வயிற்றில்தான் அது கொஞ்சம் சும்மா இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். தேங்காய் எண்ணெய் கை பட்டால் கூட ஒட்டாது. தகட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சூடேற்றி ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும், சோம்பல் பட்டால் கனத்தில் பிய்த்துக்கொள்ளும். எனக்கு அது விடியற்காலை மூன்று மணிக்கு, புது மெத்தையில் நடந்தது.

இந்த ஒட்டும் பையின் கதையை மகள் போனில் படித்துக் காட்டினாள். 1954-இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற நர்ஸ், ஸ்டோமா வைத்த தன் தங்கை கசிவுக்குப் பயந்து வெளியே போகாமல் இருப்பதைப் பார்த்து யோசித்ததாம். அந்தத் தங்கை யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும் போல இருந்தது. நானும் ஒன்றரை மாதம் வாசல்படி தாண்டவில்லை.

வெளியே போக வைத்தது ஒரு பாவாடை. நாடா பை மேல் அழுத்தக் கூடாது. அதனால் நாடாவுக்குப் பதில் நாலு விரல் அகலத்தில் மெத்தென்ற பட்டி வைத்து, உள்பக்கம் பருத்தித் துணியில் பையைத் தாங்க ஒரு உறையும் வைத்துத் தைத்தேன். பை தோலில் ஒட்டி வியர்க்கவில்லை, நடந்தால் ஆடவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் கடைக்குப் போனேன். சத்தம்தான் பிரச்சினை, அதற்கு நேரம் காலம் தெரியாது. ஒருமுறை மதினி வீட்டில் எல்லோரும் பேசாமல் இருந்த நேரம் பார்த்துக் குரல் கொடுத்தது. மதினி, “பசிக்குதா அதுக்கு?” என்றாள். சிரித்த சிரிப்பில் பை கழன்றுவிடுமோ என்று பிடித்துக்கொண்டேன்.

டிசம்பரில் கீமோ ஆரம்பித்தது, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு சுற்று. அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. குளிர்ந்த எதையும் தொட முடியாது, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாலே விரல் நுனியில் ஊசி ஏறும். நிஜ ஊசியைப் பிடித்தால் பிடித்தது தெரியாது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மலம் பைக்குப் போனாலும், பழைய வழியிலும் மலம் வருவது போல முட்டும். பயந்துபோய் உட்கார்ந்தால் வெள்ளையாகச் சளி போல வரும். மூடிக் கிடக்கும் குடலும் சளி சுரந்துகொண்டுதான் இருக்குமாம்.

பங்குனிப் பொங்கல் வந்தது. பராசக்தி மாரியம்மன் கோயிலுக்கு நான் போகாத வருடம் கிடையாது. பையோடு போகலாமா, தீட்டு இல்லையா என்று அம்மா தயங்கினார். எல்லார் வயிற்றுக்குள்ளும் இருப்பதுதானே, எனக்கு நாலு அங்குலம் தள்ளி இருக்கிறது என்றேன். போனேன். தீட்டு ஒன்றும் ஆகவில்லை, திரும்பும் வழியில் தின்ற வேர்க்கடலைதான் ஆளைக் கொன்றது. கடலை, தேங்காய், கீரைத்தண்டு, மக்காச்சோளம், காளான் எல்லாம் ஸ்டோமா வாயில் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் இருந்தார்கள், நாக்கு கேட்கவில்லை. ஐந்து மணி நேரம் பையில் ஒரு சொட்டு இல்லை, வயிறு முறுக்கியது. முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்து, வெந்நீர் கொஞ்சமாகக் குடித்து, வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன். வாந்தி வந்தால் உடனே கிளம்புவது என்று வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார் வீட்டுக்காரர். நள்ளிரவில் திறந்துகொண்டது. அப்படி ஒரு சந்தோஷத்தோடு அதற்கு முன்னும் பின்னும் நான் பை கழுவியதில்லை.

ஒட்டு கசியவில்லை என்று மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, 2025 ஜூன் முதல் வாரம் குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். பை போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். முதல் மாதம் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போனேன். போய் வந்து சேலையைச் சரிசெய்வதற்குள் மறுபடியும் முட்டும். அடக்க முடியாது, காற்றா மலமா என்று தெரியாது. மலத்தைச் சேர்த்து வைக்கும் தொட்டியே மலக்குடல்தான், அதில் பெரும்பகுதி இப்போது இல்லை, அதனால் இப்படித்தான் இருக்கும், குறைய ஒன்று இரண்டு வருடம் கூட ஆகலாம் என்றார் டாக்டர். நிஜத்தைச் சொன்னால், அந்த மாதம் இரண்டு தடவை எனக்குப் பை நினைவு ஏக்கமாகவே வந்தது. ஆசனவாயை இறுக்கிப் பத்து எண்ணி விடும் பயிற்சியை மெஷினில் உட்கார்ந்தபடியே செய்கிறேன். ஆறு மாதம் ஆகிறது, இப்போது ஐந்தாறு தடவை. மதுரை பஸ்ஸில் ஏற வேண்டுமென்றால் முந்தின இரவே சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறேன்.

மிஞ்சிய பதினொரு பையையும் அந்த சிஸ்டரிடமே கொடுத்தேன். போன வாரம் அவர் என் நம்பரைக் கொடுத்ததாகச் சொல்லி ஒரு பெண் கூப்பிட்டாள், சிவகாசிப் பக்கம். ஆபரேஷன் ஆகி பன்னிரண்டு நாள். அழுதுகொண்டே பேசினாள், கேன்சரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அக்கா, பாவாடையை எங்க கட்டுறது?” என்றாள். இடுப்பளவு எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஓ.ஆர்.எஸ். எப்படிக் கலக்கிறாள் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான்.