கரண்ட் வைக்கும் ஏழு வாரமும் வாய்ப்புண்ணைச் சமாளிப்பது

நாக்கு, கன்னம், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்கத் தொடங்கினால் முதல் வாரம் வாயில் எதுவும் தெரியாது. வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), மொத்தம் 60 முதல் 70 கிரே என்று ஆறு ஏழு வாரம் ஓடும் சிகிச்சை அது. இரண்டாம் வாரக் கடைசியில் கன்னத்தின் உட்புறம் சிவந்து, சூடாக எது பட்டாலும் சுரீர் என்னும். மூன்றாம் வாரத்தில் புண் வரும். வாயின் உட்தோல் உதிர்வதும் முளைப்பதுமாக இருக்கும் தோல். கதிர் பட்டதும் முளைப்பது நின்றுபோகிறது, உதிர்வது மட்டும் தொடர்கிறது. கொப்பளிப்பை முதல் நாளே தொடங்கச் சொல்வது இதனால்தான். "இப்போ வாய் நல்லாத்தானே இருக்கு" என்று மருந்து பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு, புண் வந்த பிறகு எடுப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை உப்பு-சோடா தண்ணீர். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூள் உப்பு, ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா, இரண்டும் தலை தட்டி. கைக்கு வந்த அளவு போட்டால் உப்பு கூடிப் புண் எரியும். கல் உப்பு போட்டால் அடியில் தங்கும் மண் வாயை உராயும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலம் கலந்திருக்கும். துணிக்குப் போடும் சோடா பக்கத்திலேயே வரக்கூடாது. காலையில் கலந்ததை அன்றோடு கொட்டிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சாப்பிட்ட பிறகு கட்டாயம். இரவுக்கு ஒரு ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பாக ஊற்றித் தலைமாட்டில் வைத்தால், வாய் காய்ந்து விழிக்கும்போது எழுந்து நடக்க வேண்டியதில்லை.

அடுத்தது மருந்துக் கொப்பளிப்பு. டாக்டர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது பென்சிடமின் 0.15 சதவீதம். வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்து, கொப்பளித்ததும் நாக்கு லேசாக மரத்துப்போகும். ஒரு தடவைக்கு 15 மி.லி.; ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேர இடைவெளி. மூடியைக் குத்துமதிப்பாக நிரப்பாமல் அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். 120 மி.லி. பாட்டில் எட்டு தடவைக்குத்தான் வரும், அதாவது ஒன்றிரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை மருந்து தீர்ந்து தவிக்காமல் இருக்க, முன்கூட்டியே கணக்குப் போட்டு வாங்கி வையுங்கள்.

கொப்பளிக்கும் வரிசையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எச்சில் குறைந்து, பசை மாதிரி நூல் நூலாகக் கோழை கட்டும். அதன் மேல் மருந்தை ஊற்றினால் கோழையைத்தான் நனைக்கும், புண்ணைத் தொடாது. முதலில் உப்பு-சோடா தண்ணீரில் இரண்டு மூன்று வாய் கொப்பளித்துக் கோழையைத் துப்ப வேண்டும். பிறகு மருந்தை வாயில் ஊற்றி, நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கன்னம், வலது கன்னம், நாக்கின் அடி, முன்னுதட்டின் உட்புறம் என்று ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, குறைந்தது முப்பது எண்ணும் வரை. வேகமாகச் சுழற்றினால் உரிந்த இடம் வலிக்கும், மெதுவாகத் தலையைச் சாய்த்தாலே போதும். தொண்டையில் புண் இருந்தால் தலையை நிமிர்த்தித் தொண்டை வரை கொப்பளிக்கலாம், ஆனால் விழுங்கும்போது புரையேறுபவர்கள் அதைச் செய்யக்கூடாது. துப்பிய பிறகு தண்ணீரில் அலசாதீர்கள், மருந்தே போய்விடும். கால் மணி நேரமாவது எதையும் குடிக்காமல் இருக்க வேண்டும்.

எரிகிறது என்று மருந்தை நிறுத்திவிடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். அதே அளவு தண்ணீர் சேர்த்துக் கொப்பளித்தால் பலருக்கும் எரிச்சல் தணியும். அப்படியும் தாங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் ஆரம்பத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மவுத்வாஷைத் தொடாதீர்கள். ஆல்கஹால் கலந்த காரமான மவுத்வாஷ் புண்ணைக் காயவைத்து எரிக்கும். ஈறு நோய்க்குத் தரும் குளோர்ஹெக்சிடினும் இதற்கு மாற்று இல்லை. தலை-கழுத்துக் கதிர்வீச்சில் வாய்ப்புண் வராமல் தடுக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. வேறு காரணத்துக்காக டாக்டர் அதைக் கொடுத்திருந்தால், பல் துலக்கி அரை மணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும், பேஸ்ட்டின் நுரை அதன் வேலையைக் கெடுக்கும். பூஞ்சைக்கான நிஸ்டாட்டின் சொட்டையும் குளோர்ஹெக்சிடினையும் அடுத்தடுத்து விட்டால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், ஒரு மணி நேர இடைவெளி வேண்டும்.

நான்காம் ஐந்தாம் வாரத்தில் புண்ணின் மேல் வெள்ளையாக ஆடை படியும். சீழ் என்று நினைத்துத் துணியால் துடைக்கிறார்கள், துடைத்தால் ரத்தம் கசியும். புண்ணைப் போர்த்தியிருக்கும் படலம் அது, விட்டுவிடுங்கள். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர்த் திவலை தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் தனித்தனியாக வந்தால், கூடவே வாய் திடீரென்று அதிகம் எரிந்தால், அது பூஞ்சையாக இருக்கலாம். கொப்பளிப்பு மட்டும் அதைத் தீர்க்காது, பூஞ்சை மருந்து வேண்டும். இரண்டையும் வீட்டில் பிரித்தறிவது சிரமம் என்பதால், அடுத்த கரண்ட் நாளிலேயே வாயைத் திறந்து காட்டிவிடுங்கள்.

சாப்பிடவே முடியாத வலிக்கு லிக்னோகெயின் 2 சதவீதக் கெட்டித் திரவம் தருவார்கள். 15 மி.லி. கொப்பளித்துத் துப்புவது, மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி கூடாது, ஒரு நாளில் எட்டு தடவைக்கு மேல் கூடாது. வாய் மரத்திருக்கும்போது கன்னத்தைக் கடித்துக்கொள்வதும், சூடு தெரியாமல் வாயைச் சுட்டுக்கொள்வதும், புரையேறுவதும் நடக்கும். மருந்தின் குறிப்பு ஒரு மணி நேரம் உணவு வேண்டாம் என்கிறது. அந்த ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் விழுங்க வலித்தால், வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் எடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

பல் துலக்குவதை விடக்கூடாது. மிக மென்மையான பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து இன்னும் மென்மையாக்கிக்கொள்ளலாம். பல் செட் இருந்தால் சாப்பாட்டு நேரம் தவிரக் கழற்றிவிட வேண்டும். சாப்பாடு காரமும் புளிப்பும் இல்லாமல், ஆறியதாக: குழைந்த சாதத்தில் புளிக்காத மோர், நெய் விட்ட பருப்பு, அரைவேக்காடு இல்லாத முட்டை, ராகிக் கஞ்சி, இளநீர். வெற்றிலை, புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம்.

கீமோவும் சேர்ந்து போகிறவர்களுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், அது வாய்ப்புண் வழியே ஏறிய கிருமியாக இருக்கலாம். இரவென்றாலும் மருத்துவமனைக்குப் போங்கள். தண்ணீர்கூட விழுங்க முடியாமல் ஒரு நாள் போனாலும், வாயில் ரத்தம் நிற்காவிட்டாலும் அப்படியே.

கரண்ட் முடிந்த நாளில் கொப்பளிப்பை நிறுத்திவிடாதீர்கள். கடைசி வாரமும் அதற்கு அடுத்த ஓரிரு வாரமும்தான் வலி உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறும், கீமோவும் சேர்ந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகலாம். தோல் ஆறியதும் மருந்துக் கொப்பளிப்பை டாக்டர் நிறுத்தச் சொல்வார். வாய் வறட்சி அதன் பிறகும் நீடிக்கும் என்பதால், உப்பு-சோடா தண்ணீர் மட்டும் தொடரலாம். பல் பிடுங்க வேண்டி வந்தால், எத்தனை வருஷம் கழித்தாக இருந்தாலும், கரண்ட் வைத்ததைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.