முடித்துவிட்டுப் போ என்று சொன்னது

கோவையில் ஒரு கம்பெனியில் பழகுநர்களுக்குப் பயிற்சி தருகிறவன் நான். ஓராண்டுப் பயிற்சியில் பாதியைத் தாண்டியிருந்த ஒரு பிட்டர் (பாகங்களை அளவாக அராவிப் பொருத்துகிறவர்) பழகுநர், ஷிப்டு முடிந்து டூல்களை எண்ணி ஒப்படைக்கும்போது, பிற கம்பெனிகளுக்கு வேலை செய்துகொடுக்கும் பக்கத்து ஜாப் ஆர்டர் யூனிட்டில் வி.எம்.சி. என்கிற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷினின் ஆபரேட்டராகக் கூப்பிடுகிறார்கள் என்றும், மாதம் 15,000 ரூபாயும் அதற்கு மேல் ஓ.டி.யும் (மிகைநேரச் சம்பளம்) தருவார்கள் என்றும் சொல்லி, "போலாமுங்களா சார்?" என்று கேட்டான். "முடிச்சுட்டுப் போ கண்ணு. சர்ட்டிபிகேட் இல்லாம இறங்காதே" என்றேன். அவன் போகவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதில் ஒரு நாள் சரியாகப் படுகிறது, மறுநாள் உறுத்துகிறது.

அன்றைக்கு அவன் வாங்கிக்கொண்டிருந்தது, 2019-ஆம் ஆண்டு விதிகள் ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்சமாக வகுத்திருந்த 7,000 ரூபாய். தந்தை சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுபவர். எதிர் மெஷினில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளி இவன் வயதுதான், ஓ.டி.யோடு சேர்த்து இவனைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தான். பழகுநர் சட்டம், 1961, இவனைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை, பயிற்சி பெறுபவனாகவே கருதுகிறது. அரசின் பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் மிகைநேர வேலையும் வாங்கக் கூடாது என்கிறது. அது பையன்களைப் பிழிந்துவிடாமல் இருப்பதற்கான பாதுகாப்பு என்று ஒவ்வொரு புதுப் பேட்சுக்கும் நான் விளக்குவேன், அதை மனமார நம்பியும்தான் விளக்குகிறேன். ஆனால் வீட்டில் மாதக் கடைசியில் மளிகைக் கடை பாக்கி நிற்கும் பையனுக்கு, உழைக்கத் தயாராக இருந்தும் உழைக்க விடாத ஒரு தடையாகவே அது தெரிந்திருக்கும்.

இருந்தும் ஏன் இருக்கச் சொன்னேன் என்பதற்கு எனக்குக் காரணம் உண்டு. இரண்டு பாகங்களை இடம் மாறாமல் பிடிக்கும் 8 மில்லிமீட்டர் டவல் பின் உட்கார வேண்டிய துளையை 7.8-இல் போட்டு, மிச்சத்தை, துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் ரீமரால் எடுப்போம். வெளியே எடுக்கும்போது ரீமரைப் பின்பக்கமாகச் சுற்றக் கூடாது; சுற்றினால் பிசிறு இடையில் மாட்டித் துளையின் சுவரில் கீறல் விழும், வெட்டுமுனையும் போய்விடும். கரும்பலகையில் எழுதினால் இது ஒரே வரிதான். ஆனால் ரீமர் இறுகுகிற கணத்தில் பதறிப்போய் எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும் மணிக்கட்டை அடக்குவதற்கு மாதக் கணக்கில் ஆகிறது. அரம் போடுவதும் அப்படித்தான்: தள்ளும்போது கை ஏறி இறங்கினால் ஓரங்கள் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நிற்கும், சர்பேஸ் பிளேட் என்கிற துல்லியமான சமதளப் பலகையில் நீலம் தடவித் தேய்த்தால் நடுவில் மட்டுமே நீலம் ஒட்டும். அவன் என்னிடம் கேட்ட சமயத்தில் அவனுடைய பீஸ்களில் நீலம் நடுவில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. பயிற்சி முடிவதற்குள் துளை சரியான இடத்தில் விழ டிரில்லுக்கு வழிகாட்டும் ஒரு டிரில் ஜிக்கைத் தனியாகவே பொருத்தி, பின்களை எண்ணெய் தொட்டு மரச் சுத்தியலின் இரண்டு தட்டில் இறக்கினான். வி.எம்.சி.யில் பீஸை மாட்டி, பட்டனை அழுத்தி, கழற்றிக்கொண்டிருந்தால் இது வந்திருக்காது. மெஷின் மாறினாலும், கம்பெனி மாறினாலும் கூடவே போகிற வித்தை இது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியானால் அவனிடம் இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னதோ சான்றிதழைப் பற்றி. தேசியப் பழகுநர் சான்றிதழுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. ரயில்வேயில் கடைநிலையான லெவல் 1 பணியிடங்களில் 20 சதவீதம் ரயில்வே நிறுவனங்களிலேயே பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அங்கே பயிற்சி முடித்து அந்தப் பரீட்சைகளுக்குப் படிக்கும் பையனுக்கு அது பெரிய ஆதாரம். ஆனால் இவன் ரயில்வேயில் பயிற்சி பெற்றவனும் அல்ல, ரயில்வேக்குப் படிக்கும் எண்ணத்தில் இருந்தவனும் அல்ல. கோவையின் பட்டறைப் பகுதிகளான கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு பட்டறை முதலாளி வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து, "இதைப் போட்டுக் காட்டு தம்பி" என்பாரே தவிர, காகிதத்தைப் பெரும்பாலும் கேட்க மாட்டார். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வீட்டில் போய்ச் சொல்வதற்குச் சான்றிதழ் வசதியான காரணம். 'கை இன்னும் படியவில்லை' என்றால் அப்பா ஏற்றுக்கொள்ள மாட்டார் என்று நினைத்திருப்பேன் போலும்.

காலம் தேவை என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எதிர்வாதமும் எங்கள் ஊரிலேயே உண்டு. 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் இருந்த ஜி.டி. நாயுடு, நான்காண்டுப் பொறியியல் படிப்பு வீண் காலச்செலவு, இரண்டாண்டே போதும் என்று வாதிட்டவர். அரசு அதை ஏற்காததால் பதவியை விட்டே விலகினார். அவர் பேசியது வகுப்பறைக் காலத்தைப் பற்றி, நான் பேசுவது கைப்பழக்கத்தின் காலத்தைப் பற்றி என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். முழுச் சமாதானம் ஏற்படுவதில்லை. பையன்களின் ஒரு வருடத்துக்கு என்ன விலை என்று கேட்கிற துணிவு அவருக்கு இருந்தது. அந்தக் கேள்வி பட்டறைக்கும் பொருந்தும்.

அன்று அவன் இன்னொன்றையும் கேட்டான். உண்மையில் என்னை விடாமல் இருப்பது அதுதான். "முடிச்சா இங்கயே எடுத்துக்குவாங்களாங்க சார்?" என்றான். "நல்லாச் செஞ்சா பார்ப்பாங்க" என்றேன். அந்தச் சொற்களில் பொய் இல்லை. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சட்டம் நிர்வாகத்துக்கு விதிக்கவில்லை. எடுப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற இடத்திலும் நான் இல்லை. ஆனால் முந்தைய பேட்சில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் பயிற்சி முடித்தபோது பணியிடம் இல்லை என்றார்கள். அவனுடைய வேலையில் குறை சொல்ல யாருக்கும் எதுவும் இல்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்திருக்க வேண்டும். உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016-இல் வந்தது. நல்ல ஏற்பாடுதான். அதே ஏற்பாட்டில், ஒரு பேட்ச் வெளியேறும்போதே அடுத்த பேட்ச் அதே இடத்தில் வந்து நிற்கிறது என்பதையும், டிஸ்பாட்ச் நெருக்கடியில் அந்தக் கைகளுக்கு உற்பத்தி வேலையே கொடுக்கப்படுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவன் இப்போது கணபதியில், ஜிக், அச்சு போன்ற கருவிகள் செய்யும் ஒரு டூல் ரூமில் இருக்கிறான். ஒருமுறை வந்தபோது, "நீங்க சொன்னதுதானுங்க சார் சரி" என்றான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இவன் வேண்டாம் என்ற அந்த வி.எம்.சி. இடத்துக்கு இவனோடு ஐ.டி.ஐ.யில் படித்தவனே போனான். அவன் பட்டன் அழுத்துவதோடு நின்றுவிடவில்லை. புரோகிராம் போடக் கற்றுக்கொண்டு இன்று மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுக்கும் செட்டராக இருக்கிறான், சம்பளமும் இவனைவிட அதிகம். கைவேலை தெரியாத செட்டர் ஒரு கட்டத்தில் திணறுவான் என்று நான் நினைக்கிறேன். திணறாமலும் போகலாம்.

எங்கள் பக்கம் மார்க் குறைந்தவன் போகிற இடமாகத்தான் ஐ.டி.ஐ.யைப் பார்க்கிறார்கள். அதை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நல்ல பிட்டரோ டூல் மேக்கரோ கிடைக்காமல் வேலையைத் தள்ளிப்போடும் பட்டறைகளை நான் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வரும் பையனிடம் பொறுமையைக் கேட்கும்போது, அந்தப் பொறுமைக்கான செலவு முழுவதும் சோமனூர்த் தறிக்காரர் வீட்டுக் கணக்கிலேயே விழுகிறது என்பது எனக்குத் தாங்கவில்லை.

2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் கொள்கையைத் தமிழில் அச்சிட்டு, கடந்த பேட்ச்களில் எத்தனை பேரை எடுத்தோம் என்பதையும் சேர்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே பையனிடமும் பெற்றோரிடமும் கொடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். "அதைப் படிச்சா பாதிப் பேர் சேரவே மாட்டாங்க சார்" என்று எச்.ஆர். சொன்னார். சேராமல் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பாதியில் நல்ல கைகள் இருக்கும். கொடுக்க வேண்டாம் என்பதற்கும் நான் சம்மதிக்கவில்லை. கோரிக்கை இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. அடுத்த பேட்ச்சின் ஒப்பந்தங்கள் வந்துவிட்டன.