கேள்வித்தாளில் இல்லாத குவார்ட்டர்

குடியை விட்டவர்களை ஆய்வில் சேர்ப்பது என்றால் எங்கள் துறையில் பெரும்பாலும் வீடு காட்டச் சொல்வது, ஆள் கூட்டிவரச் சொல்வது, கடைசியில் மேடையேற்றி நாலு வார்த்தை பேசவைப்பது, அவ்வளவுதான். கேள்விகளை அதற்குள் வேறு யாராவது எழுதி முடித்திருப்பார்கள். மதுரையில் சுமை தூக்கும் தொழிலாளர்களின் குடிப்பழக்கம் பற்றிய ஒரு ஆய்வில் கள வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேள்வித்தாள் அச்சுக்குப் போகும் முன்பே, குடியை விட்டுச் சில வருடங்களான நான்கு பேரைக் கூட உட்கார வைத்தோம். களத்தில் போய்க் கேட்கப் போகிறவர்களிலும் அவர்கள் உண்டு. அதில் ஒருவர் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பல வருடம் மூட்டை தூக்கியவர்.

குடி எவ்வளவு ஆபத்தான அளவில் இருக்கிறது என்பதை மதிப்பெண் போட்டு அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாளில் 10 கேள்விகள். இரண்டாவது, குடிக்கிற நாளில் எத்தனை டிரிங்க் என்பது. ஒன்றோ இரண்டோ என்றால் மதிப்பெண் பூஜ்யம். வாசித்ததும் மார்க்கெட் அண்ணன் சிரித்துவிட்டார்.

"தம்பி, எத்தனைன்னு கேட்டா எல்லாப் பயலும் ஒண்ணுதாம்பான். அந்த ஒண்ணு குவார்ட்டருன்னு உங்களுக்கு யாரு சொல்லுவா?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். குவார்ட்டர் 180 மில்லி, அதில் கொள்ளளவில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். ஆக அந்த 'ஒண்ணு' ஆறு டிரிங்க். கட்டிங் போட்டு இருவர் பகிர்ந்தாலும் ஆளுக்கு மூன்று. உள்ளூர் அளவைக் கேட்டுக் கணக்கிட வேண்டும் என்று ஆடிட்டின் கையேட்டிலேயே இருக்கிறது, ஆனால் கையேட்டை யார் புரட்டுகிறார்கள்!

சரி, காலி பாட்டிலைக் கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்கலாம் என்றான் எங்கள் குழுத் தம்பி ஒருவன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்தால் வாசனை வரும், அதை நாள் முழுக்கப் பையில் சுமக்கப் போவது நான்தானே என்றார். அப்புறம் அவரே ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீரை அளந்து ஊற்றி, மார்க்கரால் மூன்று கோடு போட்டுக் கொடுத்தார். களத்தில் அந்த டம்ளர்தான் வேலை செய்தது. கோட்டைத் தொட்டுக் காட்டச் சொன்னால் போதும், பேச்சுக் கொடுத்துப் பிடுங்க வேண்டியதில்லை.

காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருந்ததா என்ற கேள்வியும் அப்படித்தான். நள்ளிரவில் லோடு இறக்கத் தொடங்குகிறவருக்கு விடிகாலை என்பது வேலை முடிகிற நேரம். அவர் அப்போது குடிப்பது நம் கணக்கில் சாயங்காலக் குடி. தூங்கி எழுந்ததும் கை நடுக்கத்தை நிறுத்த ஊற்ற வேண்டியிருந்ததா என்று கூடுதலாக ஒரு கேள்வி சேர்த்தோம். மூலக் கேள்வியைத் தனியாக அப்படியே வைத்தோம், இல்லாவிட்டால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது.

இதைவிடப் பெரிய சண்டை பணத்தில் வந்தது. இவர்களுக்குக் கூலியை ரொக்கமாகக் கொடுத்தால் குடித்துவிட மாட்டார்களா, கூப்பனாகக் கொடுக்கலாமே என்று, ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவில் கேட்டார்கள். கள வேலைக்கு வருகிற எம்.ஏ. மாணவர்களின் சம்பளத்தைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நால்வரிடமே விட்டோம்: ஒருவர் மனைவியின் கணக்கில் போடச் சொன்னார், இன்னொருவருக்கு அந்த யோசனையே எரிச்சல், என் கூலி என் கையில் வரட்டும் என்றார். அவரவர் சொன்னபடி கொடுத்தோம்.

நால்வரில் யாராவது சறுக்கி மறுபடி குடித்தால் என்ன செய்வது என்பதையும் அவர்களே எழுதினார்கள், நாங்கள் எழுதியிருந்தால் நீக்கம் என்று ஒரே வரியில் முடித்திருப்போம். அவர்கள் எழுதியது: களத்துக்குப் போகக் கூடாது, முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும் (தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு, மனக்குழப்பம் வரை போகும், அது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்), ஆனால் கூட்டத்தில் அவர் நாற்காலி இருக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் கள வேலையே வேண்டாம் என்பதும் அவர்கள் போட்டதுதான்.

அறிக்கையில் பெயர் போடுவதில் மட்டும் ஒருமித்து வரவில்லை. குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் பொதுவில் பெயர் சொல்லாத வழக்கமுடையவர்கள். ஒருவருக்கு மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் வேறு. மார்க்கெட் அண்ணனோ, "கேள்வி போட்டது நானு, பேரு மட்டும் உங்களுதா?" என்று கேட்டுவிட்டார். அவர் பெயர் ஆசிரியர் பட்டியலில், முகவரியும் படமும் இல்லாமல், எங்களுக்கு நடுவில் அகர வரிசைப்படி வந்தது.