பழைய கார் எஞ்சினில் ஆயில் ஒழுகல்: மேலிருந்து கீழே தேடிய குறிப்புகள்

வண்டி: 4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், டைமிங் பெல்ட். அறிகுறி: இரவு முழுக்க நின்ற இடத்தில் காலையில் உள்ளங்கை அகலக் கறை. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில்தான் சொட்டு தொங்குகிறது.

இதைப் பார்த்ததும் பின்பக்கக் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கவேண்டும் என்றுதான் தோன்றும். அவசரப்படக்கூடாது. ஆயில் எங்கே கசிந்தாலும் கீழேதான் இறங்கும்; ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளிவிடும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு.

முதல் நாள்: கழுவல்

அடியில் வெள்ளை அட்டை விரித்து, விழுவது என்ன என்று முதலில் உறுதி செய்தாயிற்று. பழுப்பு நிறம், கியர் ஆயிலுக்குரிய கந்தக வாடை இல்லை. ஆகவே கியர் ஆயில் அல்ல, எஞ்சின் ஆயில்தான். பிறகு ஆறிய எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, டீகிரீசர் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, குறைந்த வேகத் தண்ணீரில் அலசியது. அழுக்கு எஞ்சினில் கசிவைத் தேடுவது வீண் வேலை. நன்றாகக் காய்ந்தபின் சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவி, 20 கிலோமீட்டர் ஓட்டம்.

பவுடரில் ஈரத்தடம் இரண்டு. ஒன்று, டேப்பெட் கவரின் (எஞ்சினின் மேல்மூடி) பின்மூலையில் தொடங்கி, அதன் அடியில் உள்ள சிலிண்டர் ஹெட்டின் பின்புறமாக இறங்கி, பெல் ஹவுசிங் (எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் கூடு) வரை. மற்றொன்று ஆயில் விளக்கை இயக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சைச் சுற்றி. பெல் ஹவுசிங்கின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே ஃபிளைவீல் (கிராங்க்கின் பின்முனைச் சக்கரம்) பக்கம் காய்ந்தே இருந்தது. பின் சீல் போயிருந்தால் முதலில் நனைவது அந்த உட்புறம்தான். வெளியே மட்டும் ஈரம் என்றால் ஆயில் மேலிருந்து வந்தது. கியர் பாக்ஸை இறக்கும் முன் இந்த ஒரு தகட்டையாவது கழற்றிப் பார்க்கவேண்டும்.

இரண்டாம் நாள்: பேக்கிங்கைத் தொடும் முன் பிசிவி வால்வ்

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வரும் வாயுவை இன்டேக்கிற்கு இழுத்துக்கொள்வது இந்த வால்வ். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயில் வெளியேறும். டேப்பெட் கவருக்கு அடியில் புதுப் பேக்கிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர்) போட்டாலும் சில வாரங்களில் மறுபடி கசியும். கழற்றிக் குலுக்கியதில் 'டக் டக்' சத்தமே இல்லை. ஹோஸுக்குள் கருப்புக் கசடு. வால்வ் புதிது, ஹோஸ் கழுவியது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து வாயில் ஒரு தாளை வைத்துப் பார்த்தால், முன்பு படபடவென்று எழும்பிய இடத்தில் இப்போது மெதுவாக ஒட்டிக்கொள்கிறது.

அடுத்து டேப்பெட் கவர். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தது. பழைய ரப்பர் பேக்கிங் கல்லாக இறுகிப் போயிருந்தது. அலுமினியப் பரப்பை ஸ்குரூடிரைவரால் சுரண்டவே கூடாது. ஒரு கீறல் போதும், அதுவே அடுத்த கசிவு. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் போதுமானது. தகரக் கவரின் விளிம்பில் நேர்சட்டம் வைத்துப் பார்த்ததில் போல்ட் துளைகளைச் சுற்றி வளைவு தெரிந்தது. யாரோ முன்பு அதிகமாக முறுக்கியதன் விளைவு. மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமமாக்கியது.

ஆர்டிவி சிலிகான் (காற்றில் இறுகும் சீலிங் பசை), கேம் கேப் (கேம் தண்டைப் பிடிக்கும் மூடி) ஹெட்டைத் தொடும் மூலைகளில் மட்டும், 3 மில்லிமீட்டர் பொட்டு. பேக்கிங் முழுக்க அப்பினால் உள்ளே பிதுங்கும் துண்டு அறுந்து சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழுந்து, ஆயில் ஸ்டிரெயினரை (ஆயிலை உறிஞ்சும் வாயின் வலை) அடைக்கும். கசிவைவிட அது பெரிய ஆபத்து. எம்6 போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு சுற்றாக, 9 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கியது. சிலிகான் இறுக 24 மணி நேரம் ஸ்டார்ட் செய்யவில்லை.

மூன்றாம் நாள்: பிரஷர் சுவிட்ச்

கனெக்டரைக் கழற்றினால் உள்ளே ஆயில். அப்படியானால் கசிவு மரை வழியாக அல்ல. சுவிட்சின் உலோக உடலும் பிளாஸ்டிக் தலையும் சேரும் விளிம்பு விட்டுவிட்டது. மேலும் இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மரை கூம்பு வடிவம். இறுக இறுகப் பிடிக்கும், அடி தட்டும்வரை திருகினால் எஞ்சின் பிளாக்கில் விரிசல் விழும். ஒற்றை ஒயர் சுவிட்ச் என்றால் எர்த் அதன் உடல் வழியாகத்தான். டெஃப்ளான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் அறுந்து, ஆயில் விளக்கு எரியாமலே போகலாம். மரை சீலன்ட் மெல்லியதாக, முதல் இரண்டு மரைகளை விட்டுத் தடவியது. சாவி போட்டதும் விளக்கு எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது.

ஒரு வாரம் கழித்து

அட்டையில் சொட்டு இல்லை. ஹெட்டின் பின்புறம் காய்ந்திருக்கிறது. முன்பக்கக் கிராங்க் சீலில் மட்டும் லேசான ஈரம். பெல்ட்டில் ஆயில் பட்டால் ரப்பர் ஊறிப்போகும் என்பதால் இதை அதிகநாள் தள்ளமுடியாது; டைமிங் பெல்ட் மாற்றும்போதே செய்வதாக முடிவு. பழைய சீலின் உதடு கிராங்க்கில் தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், புதுச் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைக்கவேண்டும். பள்ளம் ஆழமென்றால் ரிப்பேர் ஸ்லீவ் (பள்ளத்தை மூடி கிராங்க் மேல் ஏற்றும் மெல்லிய உலோக உறை).